கை மூடாத பேரம்

தப்பு உங்கள் மேல்தான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன், ஏனென்றால் ஊர் முழுக்க இப்போது தப்பு என் மேல் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறது, டீக்கடையில் பேசுகிறது, கொப்பரைக் களத்தில் பேசுகிறது, என் வீட்டு அடுப்படியில் என் சம்சாரம் குக்கரிடம் பேசுகிறாள், இத்தனை பேர் பேசும்போது பேச வேண்டிய ஒரே ஆளான நீங்கள் மட்டும் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை, இன்றைக்கும் திறக்கவில்லை. நான் கேட்ட விலைக்குக் "கட்டாதுங்க" என்று ஒரு வார்த்தை போதும். சந்தையில் கத்திரிக்காய்க் கூறு போட்டு விற்கிறவர்கள்கூடச் சொல்கிற வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் ஏறியிருப்பேன், நீங்கள் கொஞ்சம் இறங்கியிருப்பீர்கள், மனசுக்குள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே டீ குடித்துவிட்டுப் பிரிந்திருப்போம், கார் காராகவே இருந்திருக்கும்.

நீங்கள் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் உங்கள் பெயரைக் கேட்கவில்லை. என் பெயர் சென்னியப்பன். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கொப்பரை வியாபாரம். வீடு வீடாகப் போய்ப் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து விற்றுத் தொடங்கினவன். என் அக்கா ராமாத்தாள் தைப்பாள், நான் சுமப்பேன், நான் காய்ச்சலில் கிடந்தால் அவளே சுமப்பாள். ஒரு சாக்கில் நாலு கிழிசல் இருந்தால் ஆறு என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் ராத்திரிக்குச் சோறு என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அதற்குப் பிறகு நான் எந்தப் பொருளையும் கிழிசல் இல்லாமல் பார்த்ததில்லை.

இந்தக் காரை நான் டம்பத்துக்கு வாங்கவில்லை. என் ஒரே பெண் சுகந்தியைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். தலைப்பிரசவம். மாசம் ஏழானால் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு டெம்போ. சுகந்தி பள்ளிக்கூடம் போனதும் வந்ததும் அந்த டெம்போவில் கொப்பரை மூட்டை மேல் உட்கார்ந்துதான், அவள் பாவாடையில் எண்ணெய் வாசம் இருக்கிறது என்று கூடப் படித்த பிள்ளைகள் தள்ளி உட்காருவார்களாம், எனக்கு அது அவள் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டில் அவள் ஒரு வேடிக்கைக் கதை போலச் சொன்னபோதுதான் தெரியும். இப்போது போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அப்பா, இந்தத் தடவ டெம்போவ எடுத்துக்கிட்டு வந்துராதீங்க." சிரிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கிற காது எனக்கு உண்டு.

அதனால் ஒரு செடான் கார். ரொம்பப் பெரிசும் வேண்டாம், சிறிசும் வேண்டாம். பின் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி காலை நீட்டி உட்கார வேண்டும், பக்கத்தில் அக்கா அவள் காலை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், முன்னால் என் சம்சாரம் தெய்வானை, டிக்கியில் சீர்த்தட்டுகள். புதுசா பழசா என்பதில் வீட்டில் ரெண்டு கட்சி. தெய்வானை புதுசு. அவளுக்காகக் கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போனோம். உள்ளே குளிராக இருந்தது, கழுத்தில் டை கட்டின பிள்ளை ஒருத்தி ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தாள், கார் பளபளவென்று ஒரு கிழிசல் இல்லாமல் நின்றது.

"கடைசியா எவ்வளவுக்கு வரும் அம்முணி?"

"அதுதான் சார் கடைசி. ஃப்ளோர் மேட் ஃப்ரீயாத் தர்றோம்."

பேச முடியாதது என்ன விலை, அது உத்தரவு. எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து தெய்வானை சொன்னாள், "ஜூஸ மட்டும் ரெண்டு கிளாஸ் குடிச்சீங்களேங்க."

அப்புறம்தான் தரகர் கிட்டுசாமி உங்கள் வீட்டைக் காட்டினார். உடுமலையில், ரயில்வே கேட் தாண்டி, முருங்கை மரம் வைத்த வீடு. கிட்டுசாமி மாட்டுத் தரகு பார்த்தவர். மாடு குறைந்து கார் பெருகினபோது அவரும் காருக்கு மாறிக்கொண்டார், ஆனால் தோளில் கிடந்த துண்டை மாற்றவில்லை. காரின் பானெட்டைத் திறக்கும் முன் அதன் மூக்கில் ஒரு தட்டு தட்டுவார். விலையையும் வாயால் பேசவிடமாட்டார். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்கடியில் போகும், விலைக்கு எத்தனை விரலோ அத்தனை விரலைப் பிடித்து அழுத்துவோம், பிடிக்காதவன் உதறிவிட்டு வேறு விரலைப் பிடிப்பான், கடைசியில் ஒத்துவந்தால் விற்கிறவன் நம் கையைத் தன் கைக்குள் வைத்து மூடுவான். அதோடு பேரம் முடிந்தது, சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியாது, விற்றவனுக்கு மானம் போகாது.

நீங்கள் சந்தைப் பக்கம் போகாத மனிதர் என்பது கேட்டைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தீர்கள். வெள்ளை நிறம். பின் சீட்டில் ஒரு சின்னத் தலையணை கிடந்தது, நாங்கள் பார்ப்பதைப் பார்த்து அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டீர்கள். நான் என் தொழிலைத் தொடங்கினேன். கதவைச் சாத்தித் திறந்து, சத்தம் சரியில்லை என்றேன். டயரை உதைத்தேன். இடது பக்கம் பெயிண்ட் அடித்திருக்கிறது என்றேன், அடிக்கவில்லை, எனக்கும் தெரியும். சீட்டு சின்னதாக இருக்கிறது, டிக்கி ஆழம் போதாது, கால் வைக்க இடமில்லை, நாலு பேர் போகிற வண்டியா இது என்றேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினீர்கள், ஏதோ டாக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி. துண்டுக்கடியில் உங்கள் கை சில்லென்று இருந்தது. விரலுக்கு ஒரு லட்சம் என்று நாலு விரலைப் பிடித்தேன். கை அசையவில்லை. அசையாத கை தோற்ற கை என்பது எங்கள் வழக்கம். ஒரு விரலை விட்டேன். அப்போதும் அசையவில்லை. இன்னும் ஒன்றை விட்டேன், எனக்கே கூசியது, ஆனாலும் விட்டேன், உங்கள் கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அப்புறம் நீங்கள் கையை மெதுவாக வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, சாவியைக் கிட்டுசாமியிடம் கொடுத்துவிட்டு, தலையணையோடு உள்ளே போய்விட்டீர்கள். ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் காரணம் வரும், காரணம் வந்தால் விலை ஏறும்.

கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அந்த வாரமே சிறுக்கத் தொடங்கியது.

முதலில் கவனித்தது அக்கா. "ஏஞ்சாமி, நேத்து இந்தச் செம்பருத்தி வண்டிய உரசிக்கிட்டிருந்துது, இன்னிக்கு நடுவுல கை போகுது" என்றாள். செடியை வெட்டியிருப்பார்கள் என்றேன். மறுபடியும் ஒரு விரல் அளவு போயிற்று. நீளத்தில் ஒரு விரல், அகலத்தில் ஒரு விரல், உயரத்தில் ஒரு விரல், எல்லாப் பக்கமும் ஒரே சீராக, துவைத்த துணி சுருங்குகிற மாதிரி, கண்ணாடி அதற்குத் தக்கபடி, சக்கரம் அதற்குத் தக்கபடி, உள்ளே ஸ்டியரிங்கும் சீட்டும் அதற்குத் தக்கபடி, ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிசல் இல்லை, ஓட்டத்தில் ஒரு குறை இல்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எஞ்சின் தங்கமா இருக்குதுங்கண்ணா, மைலேஜ்கூட ஏறியிருக்கும்" என்று சொல்லிக் கை கழுவினார். ஆர்.டி.ஓ. ஆபீசில் புக்கில் இருக்கிற அளவையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்த அதிகாரி, அளவு கூடியிருந்தால்தான் சட்டப்படி குற்றம், குறைந்தால் என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை என்று சொல்லி, நான் கிளம்பும்போது வண்டியை ஒரு கை தள்ளிவிட்டார். எதிர்வீட்டுக்காரர்தான் சந்தோஷப்பட்டவர், என் வாசலில் மிச்சமான இடத்தில் அவர் தன் பைக்கை நிறுத்திக்கொண்டார், பிறகு மனைவியின் ஸ்கூட்டரையும் நிறுத்தினார்.

ஊருக்கு அது கொஞ்ச நாளில் பழகிவிட்டது. காலையில் பால் வாங்க வருகிறவர்கள் அப்படியே வந்து சாணால் அளந்துவிட்டுப் போனார்கள். பொன்னாச்சி அம்மன் கோயில் பூசாரி எதற்கும் இருக்கட்டும் என்று பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டினார், காருக்குப் பழம் பெரிசாகத் தெரிந்தது. ஆனால் காரணம் என்ன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, சென்னியப்பன் அடித்துப் பேசி வாங்கினான், வாங்கின விலைக்கு வண்டி சரியாக வந்து நிற்கிறது, இதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாயம், மந்திரம், செய்வினை என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்து நடந்திருப்பேன். நியாயம் என்று சொன்னார்கள். சந்தையில் பேரம் செத்துப்போயிற்று. ஜனங்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள், சிறுத்துவிட்டதா என்று புடவையில், பூசணியில், கட்டிலில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் பூக்கடையில் தெய்வானை வாய் திறந்து ஒரு முழத்துக்கு விலை குறைத்துக் கேட்டதும் பூக்காரம்மா சொன்னாள்:

"கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. ஊட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு சாணாப் போயிருச்சுன்னா எங்கிட்ட வராதீங்க."

தெய்வானை கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். எவ்வளவுக்குக் காரை வாங்கினேன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள். நான் கையைக் காட்டினேன், பிடித்த விரல் எத்தனை என்று. அவள் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிட்டுசாமியைக் கூப்பிட்டனுப்பிச் சட்டையைப் பிடித்தேன். என்ன மாதிரி வண்டியைத் தலையில் கட்டினாய் என்று கேட்டேன். அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை, அப்படியே நின்று, பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவரு கைய மூடுனாருங்களாண்ணா?"

"எடுத்துக்கிட்டாரு. அதான் சாவி குடுத்தாரே."

"சாவி நாங்கூடக் குடுப்பனுங். கை மூடுனாருங்களா?"

பிடித்த சட்டையை நான் விட்டேன்.

"அப்பப் பேரம் முடியலீங்கண்ணா. இன்னும் ஓடிட்டிருக்குதுங்க. ஒருத்தரு பேசாம நின்னா இன்னொருத்தரு எறங்கிக்கிட்டேதான இருப்பாரு? வெல எறங்குது, வண்டியும் கூடவே எறங்குது. மாட்டுக்கு இப்படி ஆனதில்லீங்க, மாட்டுக்காரன் உட்டுருவானா, மூஞ்சில துப்பிருவான்." துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவருக்கு மொற தெரியாதுங்க. நமக்குத் தெரியுமில்லீங்களா" என்றார்.

வேண்டுமானால் நீயே என் கையை மூடு, தரகன்தானே என்று துண்டை இழுத்தேன். மூடினார், பாவம், இரண்டு கையாலும் மூடினார். வாசலில் கார் இன்னும் ஒரு விரல் போயிற்று. அப்புறம் நானே காருக்கு முன்னால் நின்று, தெருவே பார்க்க, விலையை வாய்விட்டு ஏற்றிச் சொன்னேன், ஷோரூம் விலை சொன்னேன், அதற்கு மேலும் சொன்னேன், எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "சம்மதமுன்னு யாருங்க சொல்றது?" என்று கேட்டார். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

உங்களைத் தேடி உடுமலைக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. முருங்கை காய்த்துத் தொங்கியது, பறிக்க ஆளில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்றார் ஒருவர், மகனிடம் போனார்கள் என்றார் இன்னொருவர், மகனே கிடையாது என்றார் மூன்றாமவர். அந்தத் தலையணை யாருடைய தலைக்கு என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. இந்த வயதில், இந்த வாயை வைத்துக்கொண்டு, கேட்க முடியாமல் திரும்பினேன்.

சுகந்திக்கு ஏழாம் மாசம் பிறந்தது. அதற்குள் பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார முடியாது. அக்கா தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டே, "நான் பஸ்ல போயிக்கறனப்பா, எனக்கு அதுல காத்து நல்லா வரும்" என்றாள். என் சாக்குகளைத் தைத்து விரல் நுனியெல்லாம் காய்ப்பு ஏறின பொம்பளை, சொந்த வண்டி வாசலில் நிற்க, மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். சீர்த்தட்டு டிக்கியில் நுழையவில்லை. தெய்வானை தட்டுகளைப் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நாத்தனாருக்குப் பின்னாலேயே போனாள். நான் டெம்போவை எடுத்திருக்கலாம், வாடகைக்கு ஒரு கார் பிடித்திருக்கலாம். வீம்பு. வாங்கின வண்டியில்தான் போவேன் என்று முழங்காலை ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் மடக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு, தாராபுரம் வரைக்கும் ஓட்டினேன். வழியில் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஏதோ ஊனமுற்றவருக்கு விடுகிற மாதிரி மரியாதையாக.

சம்பந்தி வாசலுக்கு வந்து பார்த்தார். பண்பான மனிதர். என்னை வெளியே இழுத்தெடுக்கக் கை கொடுத்துவிட்டு, "வண்டி அடக்கமா இருக்குதுங்க" என்றார். அவர் வீட்டுப் பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் எனக்கு முன்பே வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள், வளையல் போட்டு முடித்தார்கள், கலந்த சாதம் பரிமாறினார்கள், யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை, பேசாமல் இருக்க எல்லோரும் பட்ட பாட்டை நான் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நேரத்தில் சுகந்தி கை நிறைய வளையல் குலுங்க வாசலுக்கு வந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். பின் கதவைத் திறந்து பார்த்தாள், ஒரு வாழைத்தார் வைக்கலாம். மூடினாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"எவ்வளவு வரைக்கும் போகும்ப்பா?"

"வண்டியா? சேதமில்லாம ஊரு வரைக்கும் போகும் கண்ணு. இல்லீன்னா வாடகைக் கார் சொல்றேன், இப்ப வந்துரும்."

"நான் அதக் கேக்கல. எவ்வளவு வரைக்கும் எறங்கும்?"

நான் பின் கதவை இன்னொரு தடவை அழுத்திச் சாத்தினேன்.

"கார் எறங்கி முடிஞ்சுதுன்னா," அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள், வளையல் சத்தம் நின்றது, "அப்பவும் பேரம் முடியலீன்னா, அப்புறம் நம்மூட்டுல எதுப்பா எறங்கும்?"

அவள் அம்மா ஏதோ சொல்ல வந்தாள். சுகந்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் கொப்பர மூட்ட மேல உக்காந்து போனவதான். எனக்கு வண்டி பிரச்சனையில்லீங்கப்பா. டெம்போவக் கொண்டுட்டு வந்தாக்கூட ஏறிக்குவேன். ஆனா கை மூடாத ஊட்டுக்கு எம்புள்ளயப் பெத்துக்க நான் வரல. மூணு கிலோ இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லோணும். ஒண்ணர கிலோன்னு சொன்னா நான் யாரப் போயிக் கேக்கறது?"

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. நான் ஆயுசு முழுக்கக் கத்திப் பேசினவன், என் பெண் தாழ்ந்த குரலில் விலை சொன்னாள், அதில் ஒரு விரல்கூடக் குறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெறும் காரோடு திரும்பினேன். பஸ்ஸில் அக்காவும் தெய்வானையும் ஆரத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கரைத்த மஞ்சத்தண்ணி சிந்தாமல், யாருக்கும் சுற்றாமல், ஊருக்குக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்கள்.

இப்போது கார் ஆட்டுக்குட்டி உசரத்தில் நிற்கிறது. இன்னும் ஸ்டார்ட் ஆகிறது. ராத்திரி மழை வந்தால் தெய்வானை அதைத் தூக்கி உள்ளே வைக்கிறாள். தாராபுரத்தில் சுகந்திக்கு மாசம் ஒன்பதைத் தொடப்போகிறது, ஏழாவது மாசம் வரை சரியாக வளர்ந்த பிள்ளை இப்போது கொஞ்சம் சிறிசாகத் தெரிகிறது என்று டாக்டரம்மா சொன்னதாகப் போன் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதனால்தான் ஊர் ஊராகச் சொல்லியனுப்புகிறேன், பஸ் கண்டக்டரிடம், பால் வண்டிக்காரரிடம், உடுமலை ஆஸ்பத்திரி வாசலில் டீ விற்கிறவரிடம். நீங்கள் எங்கே இருந்தாலும் இது உங்கள் காதுக்கு வரும். தப்பு உங்கள் மேல்தான் என்று தொடங்கினேன், அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, வாயைத் திறக்காதது உங்கள் தப்பு, ஆனால் உங்கள் வாயைத் திறக்கவிடாமல் நான் பேசிக்கொண்டே இருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லியனுப்புகிறேன். எனக்காக வர வேண்டாம். என் முகத்தில் துப்ப வேண்டுமென்றால் துப்பிவிட்டு வாருங்கள், உள்ளே வந்து உட்காருங்கள், தெய்வானை காப்பி வைப்பாள். ஏன் விற்றீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், முழுசாகச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் சரி. அப்புறம் உங்கள் விலையைச் சொல்லுங்கள். வீட்டை எழுதிக்கொடு என்று கேட்டாலும் கேளுங்கள், காரைத் திருப்பிக் கொடு என்றாலும் கேளுங்கள். நான் ஒரு குறை சொல்லமாட்டேன். பதிலுக்கு ஒரு விரலை நீட்டமாட்டேன். நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். பிள்ளை பிறப்பதற்குள் வந்து, உங்கள் விலையைச் சொல்லி, என் கையை மூடிக் கொடுங்கள்.